நைனா சொன்ன சாட்சி

எங்கள் நைனாவின் வயிற்றில் எந்த ரகசியமும் தங்காது. தன்னுடையதும் தங்காது, அடுத்தவருடையதும் தங்காது. இதை அவர் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. ஆண்டவர் தனக்கென்று கொடுத்த வரம் என்றுதான் கடைசிவரை நம்பிக்கொண்டிருந்தார். அந்த வரத்தின் பாரத்தை நாங்கள்தான் சுமந்தோம்.

ஆம்பூரில் எங்கள் வீடும் பக்கத்து வீடும் ஒரே சுவர். சாயங்காலம் விளக்கேற்றியதும் நைனா எங்களை முழங்காலில் நிற்க வைத்து ஜெபத்தை ஆரம்பிப்பார். முதலில் தன் பாவங்களைச் சொல்வார். "கர்த்தாவே, உம்முடைய அடியான் இன்று முதலாளி சாயபுவை மனசுக்குள் திட்டினான்." அதோடு விட்டால் பரவாயில்லை. அடுத்தது எங்கள் முறை. மகன் கணக்கு வாத்தியாருக்குப் பட்டப்பெயர் வைத்தது, மகள் எதிர்த்துப் பேசியது, எல்லாம் பேர் சொல்லி ஆண்டவரிடம் ஒப்படைக்கப்படும். ஒருநாள், "உம்முடைய அடியாள், என் மனைவி, மிளகாய்த்தூளை வைத்துக்கொண்டே பக்கத்து வீட்டம்மாளிடம் இல்லை என்று சொன்னாள்" என்று கணீரென்று அறிக்கை செய்தார். மறுநாள் காலையில் அந்தப் பக்கத்து வீட்டம்மாள் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"இன்னாம்மா, சாமிகிட்ட சொன்ன மிளகாத்தூளு இன்னும் கீதா?"

அம்மாவுக்கு முகம் செத்துப்போயிற்று. அன்றைக்கு நைனாவைப் பிடித்துக்கொண்டாள். "அவருக்குத் தெரியாதது ஒண்ணுமே இல்லன்னு நீங்கதான சொல்றீங்க? அப்புறம் எதுக்குங்க தொண்டை கிழியச் சொல்லணும்?"

நைனா சிரித்தார். அவர் சிரித்தால் கோபப்படுவது கஷ்டம். "மறைச்சி வெச்சா புழு பூந்துடும். தோலும் அப்டிதான், மனுசனும் அப்டிதான். திருப்பிப் போட்டு வெளிச்சத்துல காட்டிடணும்."

தோல் ஷாப்பில் அவருக்கு அதுதான் வேலை. பதப்படுத்திக் காய்ந்து வரும் தோலைப் புரட்டிப் பார்த்து, ஓட்டை உடைசல் இருக்கும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் வட்டம் போட்டு, தரம் பிரித்து அடுக்க வேண்டும். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தக் கட்டி அவர் கையை விட்டுப் போகவில்லை என்று அம்மா சொல்வாள்.

நைனா எப்போதும் இப்படி இருந்தவர் இல்லை. நான் தவழ்ந்துகொண்டிருந்த நாளில் அவர் பெரிய குடிகாரர். ஷாப்பிலிருந்து நேரே சாராயக்கடை, அங்கிருந்து வீடு, வீட்டில் அடி உதை. ஒரு எழுப்புதல் கூட்டத்தில் யாரோ கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்கார வைத்தார்களாம். அதோடு குடி போயிற்று. அதற்குப் பிறகு யார் மீதும் அவர் கை ஓங்கிப் பார்த்ததில்லை. நூற்றில் ஒருவருக்கு நடக்கிற காரியம் எங்கள் வீட்டில் நடந்தது, அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

மனம் திரும்பிய கையோடு அவர் செய்த முதல் வேலை, தோல் ஷாப்பில் எல்லோர் முன்னிலையிலும் சாயபுவிடம் போய் நின்றதுதான். "எசமான், மூணாந்தரத் தோல ஒண்ணாந்தரத்துல கலந்து அனுப்பி, தரகன்கிட்ட கைநீட்டி வாங்கினோம். நானும் இவனும்." இவன் என்று அவர் கைகாட்டியது அவருடைய தோஸ்தை. இருவரும் ஒரே மேடையில் நின்று தரம் பிரித்தவர்கள், ஒரே கடையில் குடித்தவர்கள்.

சாயபு கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தாராம். "நீ சொல்லாங்காட்டி எனுக்கு இன்னாய்யா தெரியும்? சரி, நெஜம் சொல்ற ஆளு ஒருத்தன் ஷாப்புல இருக்கட்டும்" என்று நைனாவை வைத்துக்கொண்டார். தோஸ்தை அன்றைக்கே அனுப்பிவிட்டார்.

அந்த மனிதர் பெண்டாட்டி பிள்ளைகளோடு கோலாருக்குப் பிழைக்கப் போகும் முன் எங்கள் வாசலில் வந்து நின்றதை அம்மா பலமுறை சொல்லியிருக்கிறாள். "உன் பாவத்த நீ சொல்லிக்கினே, சரி. என் பாவத்தச் சொல்லச் சொல்லி நான் உன்னக் கேட்டனா?" என்றாராம். நைனா அழுதாராம். அன்று சாயங்காலம் அவருக்காகப் பேர் சொல்லி, பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி ஜெபம் பண்ணினாராம்.

இனி அக்காவின் காதுக்கு வருகிறேன். அக்காவுக்கு இடது காது கேட்காது. அவள் பிறவியில் அப்படி இல்லை. நைனா வலது கைக்காரர், எதிரே நிற்கும் பிள்ளையை அறைந்தால் இடது காதில்தான் விழும். குடித்துவிட்டு வந்த ஒரு நாளில் அது விழுந்தது. மனம் திரும்பிய பிறகு நைனா இதையும் சபையில் எழுந்து சொன்னார். "கோபத்தில் என் பிள்ளையின் காதைக் கெடுத்த பாவி நான்" என்பார். பெண்கள் பக்கத்திலிருந்து அம்மா பார்த்துக்கொண்டிருப்பாள், அதனால் அந்த அளவில் நிறுத்திக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். ஆனால் அந்த ஒரு வாக்கியமே போதுமானதாக இருந்தது. ஆம்பூர்ச் சபையில் அக்காவைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் முகத்தைப் பார்ப்பதற்கு முன் காதைப் பார்த்தார்கள். உள்ளூரில் ஒரு வரனும் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அக்காவிடம் பேச வேண்டுமென்றால் நைனா எங்கே இருந்தாலும் சுற்றிக்கொண்டு போய் அவளுடைய வலது பக்கத்தில் நிற்பார். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தாலும், கோயிலுக்கு நடந்து போனாலும் வலது பக்கம்தான். கூட்டத்தில் அவள் இடது பக்கமாக யாராவது கூப்பிட்டால், "இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்று அவரே திருப்பிவிடுவார். ஒரு நாள்கூட அவர் அதை மறந்து நான் பார்த்ததில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரிடம் எனக்கு வாஞ்சை இருந்தது, இப்போதும் இருக்கிறது.

நான் ஆசிரியப் பயிற்சி முடித்து வந்து மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த வருஷம், கணியம்பாடிப் பக்கமிருந்து அக்காவுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வாத்தியார், அவருடைய தகப்பனார் கிராமச் சபையில் உபதேசியார். பெண் பார்க்க வந்தபோது அம்மா அக்காவை, வலது காது அவர்கள் பக்கம் இருக்கும்படி சுவரோரமாக உட்கார வைத்தாள். அவர்கள் போனதும் அக்கா சீறினாள்.

"என்ன இப்டி மூலைல ஒக்கார வெச்சி விக்காதீங்க. நாள் குறிக்க வருவாங்க இல்ல? அன்னிக்கி நானே சொல்லிடுறேன். இது என் காது. என் வாயால சொல்லுவேன். கேட்டுட்டு வேணும்னா கட்டட்டும், இல்லன்னா போவட்டும்."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். நைனா மட்டும், "அதான் ஞாயம். நீயே சொல்லும்மா" என்றார்.

அவர்கள் நாள் குறிக்க வருவதாகச் சொன்ன ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின வாரம்தான் சபைகளின் ஆண்கள் மாநாடு. வருஷா வருஷம் பாலாறு காய்ந்து கிடக்கும் நாளில், விரிஞ்சிபுரத்து மணலில் ஓலைப் பந்தல் போட்டு அந்தக் கூட்டம் நடக்கும். பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. தகப்பன்மார் வளர்ந்த மகன்களை அழைத்துக்கொண்டு வர வேண்டும் என்பது ஏற்பாடு. நைனா ஒரு வருஷமும் தவறியதில்லை. மனம் திரும்பிய கதையை எழுந்து நின்று சொல்வதற்குச் சாட்சி என்று பேர். ஆம்பூர்க்காரர் சாட்சி என்றால் அந்தப் பந்தலில் பேர் பெற்றது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் பயிற்சிக்குப் போயிருந்ததால் அதைக் கேட்டதில்லை.

இதுவரை வராத உபதேசியாரும் இந்த வருஷம் அங்கே வருவார் என்று தெரிந்ததும் அம்மா என்னைச் சமையலறைக்குள் இழுத்தாள். "நீயும் கூடப் போடா. அவரு எழுந்தா சட்டையப் புடிச்சி இழுத்து ஒக்கார வெய்யி. உங்க அக்கா வாழ்க்கைடா."

ஆம்பூரில் ரயில் ஏறினோம். நைனா வெளுத்த சட்டையும் கோட்டும் போட்டிருந்தார். ஆனாலும் ஆவாரம்பட்டையும் சுண்ணாம்பும் சேர்ந்த அந்த ஷாப்பு வாசனை ஆளை விட்டுப் போகவில்லை. எதிரே இருந்தவர் மூக்கை மூடினார். "தோல் ஷாப்பு நாத்தம்தாங்க. இன்னா சோப்பு போட்டாலும் போவாது" என்று நைனா அவரிடம் தாமாகவே சொல்லிச் சிரித்தார். அந்த ஆளும் வெட்கப்பட்டுக் கையை எடுத்துவிட்டார்.

நான் மெதுவாக ஆரம்பித்தேன். "நைனா, இந்த வருஷம் சாட்சி வேணாம். அக்கா தானே சொல்றேன்னு கேட்டிருக்கா."

"தெரியும்டா. நான் இன்னா கொழந்தயா? இந்த வருஷம் பாட்டு பாடுவேன், பிரசங்கம் கேப்பேன், சாப்புடுவேன், அவ்ளோதான்." என் முழங்காலில் கைவைத்து அழுத்தினார். உண்மையாகத்தான் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

மூன்று நாள் கூட்டத்தில் முதல் இரண்டு நாளும் அவர் சொன்னபடியே இருந்தார். ஒரே பாயில் தகப்பனும் மகனுமாக உட்கார்ந்து பாடினோம். உபதேசியார் எங்களைத் தேடி வந்து பக்கத்துப் பாயில் உட்கார்ந்துகொண்டார். நல்ல மனிதர், வாய் நிறைய 'சம்பந்தி' என்றுதான் கூப்பிட்டார். அக்கரையில் கோயில் கோபுரம் தெரிந்தது. வெயில் தாழ்ந்ததும் மணல் ஆறி, நைனா காலை நீட்டிக்கொண்டு என்னிடம் என் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டார். அவரோடு அவ்வளவு நேரம் நான் தனியாக இருந்ததே இல்லை. சந்தோஷமாக இருந்தது.

கடைசி நாள் காலை சாட்சிக் கூட்டம். அந்தப் பந்தலில் ஒரு வழக்கம் உண்டு. தகப்பன் சாட்சி சொல்ல எழுந்தால் மகனும் பக்கத்தில் எழுந்து நிற்க வேண்டும். வீட்டில் கூட இருக்கிறவன் அவன்தானே, அவன் நிற்பதே சொல்வது உண்மை என்பதற்கு அத்தாட்சி. இதை நைனா எனக்குச் சொல்லியிருக்கவில்லை. யார் யாரோ எழுந்தார்கள், அவர்களோடு மகன்களும் தலை குனிந்து எழுந்து நின்றார்கள். பிறகு மேடையிலிருந்து போதகர் கூப்பிட்டார். "ஆம்பூர்ச் சகோதரரைக் காணோமே? இந்த வருஷம் மகனையும் கூட்டி வந்திருக்கிறாராமே!"

நைனா தலையை ஆட்டினார். பாயின் ஓரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பந்தல் முழுக்க "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று எழும்பியது. உபதேசியார் அவர் தோளைத் தட்டினார். "எழுந்திருங்க சம்பந்தி. ஆவியானவரைத் தடுக்கக் கூடாது."

நான் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "ஸ்தோத்திரம் மட்டும் சொல்லிட்டு ஒக்காந்துடறேன்டா" என்று முணுமுணுத்துவிட்டு அவர் எழுந்தார். எழுந்தவர் என் கையைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினார். அவரை உட்கார வைக்கப் போனவன் அத்தனை பேருக்கு முன்னால் அவர் பக்கத்தில் அத்தாட்சியாக நின்றேன்.

ஸ்தோத்திரத்தில் ஆரம்பித்தார். நாலு வார்த்தை போனதும் குரல் மாறியது. குடியைச் சொன்னார், சாராயக்கடையைச் சொன்னார், மழையில் நனைந்துகொண்டு வீட்டுக்கு வந்ததைச் சொன்னார். வீட்டில் அம்மா சொல்லிக் கேட்டபோது அதில் மழை இல்லை. அடித்ததைச் சொன்னார். காதிலிருந்து ரத்தம் வந்ததாகச் சொன்னார், அதையும் அம்மா சொன்னதில்லை. சுற்றிலும் ஆண்கள் விசும்ப ஆரம்பித்தார்கள். அதற்குப் பிறகுதான் நான் கேட்டே இராத அந்தப் பகுதி வந்தது.

"மனம் திரும்பி வீட்டுக்குப் போனேன், சகோதரரே. என் மகள் காலில் விழுந்தேன். அம்மா, என்னை மன்னிப்பியா என்று கேட்டேன். அந்தப் பிஞ்சுக் கை என் கண்ணைத் துடைத்தது. நைனா, இயேசு உன்னை மன்னிச்சிட்டாரு, நானும் மன்னிச்சிட்டேன் என்று சொன்னாள். அந்த வார்த்தையில்தான் இன்றைக்கும் உயிரோடு நிற்கிறேன்."

பந்தலே அழுதது. உபதேசியார் எழுந்து நைனாவைக் கட்டிக்கொண்டார். நைனாவின் முகம் கழுவித் துடைத்தாற்போல் இருந்தது. காது விஷயம் வெளியே போய்விட்டதே என்பது ஒரு பக்கம். அதைவிட, அக்கா அப்படிச் சொல்லியிருந்தால் அம்மாவாவது ஒரு தடவை சொல்லியிருக்க மாட்டாளா என்பதுதான் என்னைக் குடைந்தது.

ஸ்டேஷனுக்குப் போக மணலில் நடக்கும்போது கேட்டுவிட்டேன். "அக்கா எப்ப நைனா அப்டிச் சொன்னா?"

கொஞ்ச தூரம் நடந்தார். "சொல்லலியா?" என்றார். பிறகு, "எத்தினி வருசமா சொல்லிக்கினு வர்றேன்... அவ சொல்லாமயா நான் சொல்லுவேன்?" என்றார். என்னை ஏமாற்ற அவர் அப்படிச் சொல்லவில்லை. நிஜமாகவே அவர் யோசித்துக்கொண்டு வந்தார். அதுதான் பயமாக இருந்தது.

வீட்டில் அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். அக்காவிடம், காது விஷயம் அங்கே வெளியாகிவிட்டது என்பதை மட்டும் சொன்னேன். அவள், "வரட்டும்" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை உபதேசியார் தனியாக, பழத்தட்டோடு வந்தார். அக்கா வந்து நின்று வாய் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "எனக்கு எல்லாம் தெரியும்மா. மகன்கிட்டயும் சொல்லிட்டேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அவ்ளோ சின்ன வயசுல அப்பா கண்ணத் தொடச்சி மன்னிச்சிட்டேன்னு சொன்ன பொண்ணு, எங்க வூட்டுக்கு வர நாங்க குடுத்து வெச்சிருக்கணும்."

அக்கா நைனாவைப் பார்த்தாள். "நானா? நான் எப்ப நைனா சொன்னேன்?"

நைனா பழத்தட்டைத் தன் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீங்க எப்ப என்னக் கேட்டீங்க? ஊருக்கெல்லாம் சொன்னீங்க. மணல்ல ஒக்காந்திருக்கிற அத்தினி ஆம்பளைங்களுக்கும் சொன்னீங்க. என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?" அவள் நைனாவுக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தலையைச் சாய்த்து வலது காதைக் காட்டினாள். "இப்பக் கேளுங்க. இந்தக் காது நல்லாக் கேக்கும்."

பந்தலை அழ வைத்த மனிதர் உதட்டை நனைத்துக்கொண்டு எங்கள் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தார். ஒரே ஒரு வார்த்தை போதும். நான் மனசுக்குள் அவருக்காக அந்த வார்த்தையைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவர், "எல்லாரும் ஜெபம் பண்ணலாம்" என்றார். சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

உபதேசியாரும் அம்மாவும் பழக்கத்தில் கண்ணை மூடினார்கள். அக்கா மூடவில்லை, நானும் மூடவில்லை. ஆமென் சொன்னதும் அவள் எழுந்து உபதேசியாரைக் கும்பிட்டாள். "ஐயா, உங்க வூட்டுல நானே சொல்லணும்னு இருந்தேன். நைனா எனக்குச் சொல்ல ஒண்ணும் பாக்கி வெக்கல. இந்தக் கல்யாணம் வேணாங்க."

"எங்களுக்குக் குறை இல்லன்னு சொல்றேனேம்மா."

"எனக்கு இருக்குதுங்க" என்றாள்.

அம்மா எவ்வளவோ அழுது பார்த்தாள், அக்கா மசியவில்லை. கொஞ்ச நாளில் வேலூரில் ஒரு பெண்கள் விடுதியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை அவளுக்குக் கிடைத்தது. அவளை ரயிலேற்ற நைனாவும் நானும் போனோம். வழியெல்லாம் நைனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவளுடைய வலது பக்கமாகவே நடந்தார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுடைய இடது பக்கம் பிளாட்பாரத்தைப் பார்த்து இருந்தது. விசில் ஊதியதும் நைனா சட்டென்று ஜன்னலண்டை போனார். கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளுடைய இடது காதுக்குப் பக்கத்தில் வாயை வைத்து என்னவோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை, உதடு அசைவதுதான் தெரிந்தது. மூச்சு பட்டிருக்க வேண்டும், அக்கா உடம்பை முழுக்கத் திருப்பி வலது காதைக் கம்பியோரம் கொண்டுவந்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. "இன்னா நைனா? இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றாள்.

நைனா நிமிர்ந்து பின்னால் நகர்ந்துகொண்டார். ரயில் நகர்ந்தது. ஸ்டேஷனைத் தாண்டும்வரை அவள் காதைத் திருப்பி வைத்தபடியே இருந்தாள்.

"இன்னா சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன்டா" என்றார். "சொல்லிட்டேன்." பந்தலில் பார்த்த அதே கழுவிய முகம். எந்தப் பக்கம் நின்று சொன்னார் என்பது அவருக்குத் தெரியாது என்று யார் சொன்னாலும் நான் நம்ப மாட்டேன். அவ்வளவு வருஷம் வலது பக்கம் தேடிப் போனவர் அவர்.

அடுத்த வருஷ மாநாட்டுக்கு என்னைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. போய்வந்த பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவர் நெகிழ்ந்துபோய்ச் சொன்னார்: "உங்க அப்பா சாட்சி இந்த வருஷம் எல்லாத்தையும் மிஞ்சிடுச்சி சார். பக்கத்துல நிக்க மகன் வரலன்னு ஒருத்தரும் நெனைக்கல. ரயில் கெளம்புறப்ப உங்க அக்கா ஜன்னல் வழியாக் கை நீட்டி, மன்னிச்சிட்டேன் நைனான்னு சொன்னாங்களாமே."

அந்த விடுமுறையில் வேலூருக்குப் போனேன். அக்காவின் வலது பக்கம் உட்கார்ந்து, மறைக்காமல் அதைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் மடியிலிருந்த துணியை மடித்து வைத்தாள்.

"கை நீட்டல. இந்தக் காதத் திருப்பிக் குடுத்தேன்" என்றாள் பிறகு. "அத சொன்னாராடா?"

"இல்லக்கா" என்றேன்.